எழுபது பேர் உட்காரும் பாரில் பாட்டு ஏன் கேட்கவில்லை?

கேள்வி: பெங்களூரில் ஒரு வணிகத் தெருவில், இரண்டாவது மாடியில், நண்பர்கள் மூவர் சேர்ந்து ஒரு பாரை ஏற்று நடத்துகிறோம். 40 அடி நீளம், 22 அடி அகலம், 10 அடி உயரம். எழுபது பேர் உட்காரலாம். தரையில் டைல்ஸ், தெருப்பக்கம் நீளவாட்டில் கண்ணாடி. எட்டு மாதமாக வியாழன் முதல் சனி வரை நேரடி இசை வைக்கிறோம். யாரும் கேட்பதில்லை என்று பாடகர்கள் குறைப்படுகிறார்கள். பேசவே முடியவில்லை என்று வாடிக்கையாளர்கள் சலித்துக்கொள்கிறார்கள். கூட்டம் குறைவான வியாழக்கிழமைகளில்தான் இரைச்சல் இன்னும் மோசம். பேஸ் கிடார்காரர் ஏதோ ஒரு சுரத்தைத் தொட்டால் அலமாரியில் கோப்பைகள் கிணுகிணுக்கின்றன. உள்கோடியில் மேடை, அதன் பின்சுவருக்கு அப்பால் ஒரு சந்து, சந்தைத் தாண்டினால் குடியிருப்பு. அங்கிருந்து ஒரு பெரியவர் இரண்டு முறை படியேறி வந்துவிட்டார். அடுத்த முறை போலீசாரோடு வருவதாகச் சொல்லிப் போயிருக்கிறார். ஸ்பீக்கர் விற்பவர் ஒருவர், பெரிய ஸ்பீக்கர்களும் சுவரெங்கும் ஒட்டக் கறுப்பு ஃபோமும் சேர்த்து நாலரை லட்சம் கேட்கிறார். கொடுக்கலாமா?
– பெயர் வேண்டாம், பெங்களூரு

அன்புள்ள நண்பருக்கு,

கொடுக்க வேண்டாம். ஸ்பீக்கருக்கும் வேண்டாம், ஃபோமுக்கு நிச்சயமாக வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய கைபேசிப் பதிவை நான்கு முறை கேட்டேன். இரண்டாவது நிமிடத்தில், அந்தப் பெண் பல்லவியை முடித்து மூச்சு வாங்கிச் சரணத்துக்குள் நுழைகிற இடத்தில், கவுண்டரில் மிக்ஸி ஓடுகிறது. முழுதாகப் பதினோரு விநாடி. அவர் குரலை உயர்த்துகிறார். டிரம்ஸ்காரர் அதைக் கேட்டு ஓங்கி அடிக்கிறார். மிக்ஸி நின்ற பிறகு இருவருமே இறங்கவில்லை. அவர்களுக்கு மேல் பேசியாக வேண்டுமே என்று பக்கத்து மேசையும் இறங்கவில்லை. உங்கள் எட்டு மாதச் சிக்கல் முழுவதும் அந்தப் பதினோரு விநாடிக்குள் இருக்கிறது. இந்த இடத்துக்குப் பெரிய ஸ்பீக்கர் வாங்குவது, சண்டை போடும் இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு மைக் கொடுப்பது போல.

இரைச்சலுக்கு நடுவே மனிதன் தன்னை அறியாமலே குரலை உயர்த்துவான் என்பதை 1911இல் எழுதிவைத்தவர் லொம்பார் என்ற பிரெஞ்சுக் காது மருத்துவர். இது யாருடைய முரட்டுத்தனமும் அல்ல, உடம்பின் இயல்பு. அதனால் உங்கள் வாடிக்கையாளர்களுக்கு ரசனை இல்லை என்று அந்தப் பாடகர்கள் நினைத்தால், அது தவறு என்று அவர்களிடம் சொல்லுங்கள். அவர்களைக் கத்த வைப்பது உங்கள் அறை.

அறைக்கு வருவோம். வியாழக்கிழமைப் புதிரை அவிழ்த்தால் மற்றவையெல்லாம் தாமாக விளங்கும்.

1895இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஒரு புதிய விரிவுரைக் கூடத்தில் பேராசிரியர்கள் பேசுவது ஒன்றுமே புரியவில்லை என்று புகார் வந்தது. வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரைக் கூப்பிட்டு, சரிசெய் என்றார்கள். அவர் பக்கத்து அரங்கின் நாற்காலி மெத்தைகளை இரவில் தூக்கிக்கொண்டு வந்து கூடத்தில் அடுக்கினார். ஓர் ஆர்கன் குழலை ஊதி நிறுத்திவிட்டு, ஓசை அடங்க எத்தனை விநாடி ஆகிறது என்று அளந்தார். விடிவதற்குள் மெத்தைகளைத் திருப்பிக் கொண்டுபோய் வைத்தார். இப்படிப் பல இரவுகள். அதிலிருந்து பிறந்த கணக்கைத்தான் அறைகளின் ஒலியைச் சரிசெய்யும் எங்கள் தொழிலில் இன்றும் பயன்படுத்துகிறோம்: அறை பெரிதாக ஆக ஓசை நீளும், ஒலியை விழுங்கும் பொருள் கூடக் கூட ஓசை குறையும்.

உங்கள் அறையில் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். கன அளவு 8,800 கன அடி. தரை, கூரை, நான்கு சுவர் எல்லாம் சேர்ந்து 3,000 சதுர அடி. டைல்ஸும் கண்ணாடியும் சிமென்ட் பூச்சும் தம்மேல் விழும் ஒலியில் ஐந்து சதவீதம் விழுங்கினாலே பெரிது. அதாவது, முழு அறையும் சேர்ந்து 150 சதுர அடித் திறந்த ஜன்னல் அளவுக்குத்தான் ஒலியை வெளியேற்றுகிறது. காலியாக இருக்கும்போது கைதட்டினால் அந்த ஓசை அடங்க மூன்று விநாடிக்குக் கொஞ்சம் குறைவாக ஆகும். கோயில் மண்டபத்துக்கு அது அழகு, பாருக்கு ஆகாது.

இப்போது ஆட்களை உட்கார வையுங்கள். துணியும் உடம்பும் ஒலியை நன்றாக விழுங்கும். ஓர் ஆள் ஏறக்குறைய ஐந்து சதுர அடித் திறந்த ஜன்னலுக்குச் சமம். சனிக்கிழமை அறுபது பேர் வந்தால் 300 சதுர அடி கூடி, ஓசை ஒரு விநாடிக்குள் அடங்கிவிடுகிறது. வியாழக்கிழமை இருபதே பேர் என்றால் ஒன்றேமுக்கால் விநாடி. ஒரு சொல்லின் வால் அடுத்த சொல்லின் தலையில் விழுகிறது. ஆள் குறைந்த நாளில் இரைச்சல் மோசமாவது இதனால்தான். மாலை ஐந்து மணிக்குக் காலி அறையில் சவுண்ட் செக் செய்து ஒலி மிக்ஸரில் வைத்த அளவு இரவு ஒன்பது மணிக்கு ஒத்துவராததற்கும் இதுவே காரணம்.

ஆகவே உங்கள் முதல் செலவு கூரையில். 880 சதுர அடிக் கூரையில் ஒரு 500 சதுர அடிக்கு, இரண்டு அங்குல ராக்வூல் (கல்லை உருக்கி நூற்ற பஞ்சு) பலகைகளைத் துணி போர்த்தி, கூரையிலிருந்து நாலு அங்குலம் இறக்கித் தொங்கவிடுங்கள். ராக்வூல் பிடிக்கவில்லை என்றால், மரநாரையும் சிமென்ட்டையும் சேர்த்து அழுத்திய பலகைகள் இருக்கின்றன. பார்க்கவும் நன்றாக இருக்கும், ஆனால் மெல்லிய பலகையை நேரடியாகக் கூரையில் அறைந்தால் பாதிப் பலன்தான். விழும் ஒலியில் எண்பது சதவீதத்தை விழுங்கும் தரத்தில் வாங்கினால், வியாழக்கிழமை ஒன்றேமுக்கால் விநாடி முக்கால் விநாடிக்குள் வந்துவிடும். சனிக்கிழமை அரை விநாடியைத் தொடும். கருவியில் அளந்தால் டெசிபல் கணக்கில் பெரிய வித்தியாசம் தெரியாது. கூட்டம் நிறைந்த நாளில் இரண்டரை, மூன்றுதான் குறையும். ஆனால் அந்த மூன்று குறைந்தவுடன் ஜனங்கள் குரலைத் தாழ்த்துவார்கள். அவர்கள் தாழ்த்தினால் பாடகி தாழ்த்துவார். நீங்கள் வாங்குவது அந்தச் சங்கிலி இறக்கத்தைத்தான். சுவரில் ஏன் போடச் சொல்லவில்லை என்றால், உங்கள் சுவர்களில் ஒன்று முழுக்கக் கண்ணாடி, மீதியில் அலமாரி. யாரும் சாய்ந்து அழுக்காக்காத இடமும் கூரை ஒன்றுதான்.

ஃபோம் விஷயம். சுவரில் முட்டை அட்டை போலப் பள்ளமும் மேடுமாக இருக்கும் அந்தக் கறுப்புப் பஞ்சு உயர்ந்த சுருதிகளை மட்டும் கொஞ்சம் விழுங்கும். வெளியே போகும் சத்தத்தை அது தடுக்காது. ஒலியைத் தடுக்க எடை வேண்டும், அதற்கு எடையே இல்லை. பஞ்சு ஒட்டிவிட்டேன், இனிப் பக்கத்து வீட்டுக்குக் கேட்காது என்று நம்பியவர்களை வருடத்துக்கு நாலு பேராவது பார்க்கிறேன். அவர்களுக்குப் பணம் போனதோடு சரி என்று விட்டுவிடலாம். விட முடியாத காரணம் வேறு.

2003 பிப்ரவரியில் அமெரிக்காவின் ரோட் தீவு மாநிலத்தில், வெஸ்ட் வார்விக் என்ற ஊரில், ஒரு சிறிய இசை விடுதியில் மேடையில் கொளுத்திய பொறிவாணம் பின்சுவரில் ஒட்டியிருந்த பாலியூரித்தேன் ஃபோமில் பற்றியது. அக்கம்பக்கத்துக்குச் சத்தம் போகக்கூடாது என்று ஒட்டிய ஃபோம் அது. சில நிமிடங்களில் கட்டடம் முழுக்கப் புகை; வாசலில் ஒருவர் மேல் ஒருவராக விழுந்தார்கள். நூறு பேர் இறந்தார்கள். பத்து வருடம் கழித்து 2013 ஜனவரியில் பிரேசிலின் சாண்டா மரியா நகரில் அதே கதை: மேடையில் வாணம், கூரையில் ஒலிக்காக ஒட்டிய ஃபோம், 242 உயிர்கள். இரண்டு இடங்களிலும் நச்சுப்புகை தீயைவிட வேகமாகப் போனது. உங்கள் விற்பனையாளர் தருகிற ஃபோம் எந்த வகை, எந்தத் தீச்சோதனையில் தேறியது என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் ஆளை வாசலோடு அனுப்பிவிடுங்கள். கூரைக்கு நீங்கள் வாங்கும் பலகைக்கும், அதைப் போர்த்தும் துணிக்கும் இதே கேள்வியைக் கேளுங்கள். பலகை தீப்பிடிக்காது, மேலே தைத்த துணி பற்றிக்கொள்ளும் என்றால் என்ன பயன்?

இரண்டாவது மாடி என்று எழுதியிருக்கிறீர்கள். இறங்க எத்தனை படிக்கட்டு என்று எழுதவில்லை. ஒன்றுதான் என்றால், இந்தக் கடிதத்தில் மற்ற எதையும் படிக்கும் முன் அதற்கு வழி பாருங்கள்.

பின்வீட்டுப் பெரியவருக்கு வருகிறேன். நீங்கள் அனுப்பிய படத்தில் மேடையின் பின்சுவரில், டிரம்ஸுக்கு மேலே, ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி எக்ஸாஸ்ட் விசிறி தெரிகிறது. அந்தச் சுவர் 220 சதுர அடி. விசிறி ஓட்டை இரண்டேகால் சதுர அடி, அதாவது நூற்றில் ஒரு பங்கு. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் பூசியிருந்தால் ஏறக்குறைய 50 டெசிபலைத் தடுக்கும். நூற்றில் ஒரு பங்கு ஓட்டை இருந்தால் அதே சுவர் 20க்கு மேல் தடுக்காது. மிச்சம் 99 பங்கும் கோட்டைச் சுவராக இருந்தாலும் இதே கதைதான். தண்ணீர்த் தொட்டியில் விரல் நுழையும் ஓட்டை இருந்தால் தொட்டியின் தடிமனைப் பற்றிப் பேசி என்ன? மேடையில் 95 டெசிபல் ஓடினால் சுவருக்கு வெளியே 75. சந்தைத் தாண்டுவதற்குள் இன்னும் கொஞ்சம் குறையும். ஆனால் தூங்கப் போகும் மனிதருக்கு அது குறைந்த மாதிரி இருக்காது.

விசிறியை அடைக்க வேண்டாம், காற்று வேண்டும். ஆங்கில எல் எழுத்துப் போல ஒரு முறையாவது வளைந்த தகரக் குழாயை வைத்து, உட்புறம் முழுக்கக் கண்ணாடி நார்ப் பஞ்சு பதித்து, அதன் வழியாக வெளியேற்றுங்கள். காற்று வளைந்து போய்விடும். ஒலி சுவரில் சுவரில் மோதி மெலியும். இதைச் செய்யக் குளிர்சாதனக் குழாய் வேலை செய்கிறவர்களைக் கூப்பிட்டால் போதும், ஒலி நிபுணர் வேண்டாம். சேவைக் கதவின் அடியில் ஒளி தெரிந்தால் அங்கேயும் ஒலி போகிறது. ரப்பர்ப் பட்டை அடியுங்கள். கதவு வெளிப்பக்கமாகத் திறப்பதை அது தடுக்கக் கூடாது.

சட்டத்தை நான் வழக்கறிஞரைப் போல அறிந்தவன் அல்ல, தொழிலுக்குத் தேவையானது தெரியும். மத்திய அரசின் 2000ஆம் ஆண்டு ஒலிமாசு விதிகளின்படி இரவு என்பது பத்து மணி முதல் காலை ஆறு வரை. அந்த நேரத்தில் குடியிருப்புப் பகுதிக்கு 45 டெசிபல், வணிகப் பகுதிக்கு 55. தனியார் இடத்தில் ஓடும் ஒலிபெருக்கி அந்த இடத்தின் எல்லையில் இந்த அளவை 5 டெசிபலுக்கு மேல் தாண்டக் கூடாது. மூடிய அரங்குக்குள் என்று வாதாடலாம். விசிறி ஓட்டை இருக்கிற வரை நீங்கள் மூடிய அரங்கு என்று எந்த அதிகாரி ஒப்புக்கொள்வார்? உங்கள் நகரில் பொதுக் கேளிக்கை இடங்களுக்கென்று 2005ஆம் ஆண்டு ஆணை ஒன்று இருக்கிறது. போலீஸ் ஆணையரிடம் உரிமம் பெற வேண்டும். உச்ச நீதிமன்றம் 2018இல் அதை உறுதி செய்துவிட்டது. மது உரிமம் இருந்தால் இசைக்கும் அதுவே போதும் என்று பலர் நினைக்கிறார்கள், போதாது. பாடல்களின் உரிமைக்காக ஐ.பி.ஆர்.எஸ். சங்கத்துக்குக் கட்ட வேண்டியதும் தனி. மற்றவர் இயற்றிய பாட்டை மேடையில் பாடினாலும் அது பொருந்தும். இந்த மூன்றையும் ஒரு வழக்கறிஞரிடம் ஒரே மாலையில் கேட்டு முடித்துக்கொள்ளுங்கள்.

பெரியவர் போலீசாரோடு வருவதற்கு முன் நீங்கள் அவர் வீட்டுக்குப் போங்கள். மன்னிப்புக் கேட்க மட்டும் அல்ல. குழுவினரை வழக்கம் போல வாசிக்கச் சொல்லிவிட்டு, அவர் படுக்கையறையில் பத்து நிமிடம் நின்று கேளுங்கள். பாட்டு கேட்காது. டும் டும் என்பது மட்டும் கேட்கும், அதுவும் தலையணையில் காது வைத்தால் கூடுதலாக. அதைக் கேட்டுவிட்டு வந்தவர்கள் யாரும் என்னிடம் பெரிய ஸ்பீக்கர் கேட்டதில்லை.

கோப்பைகள் கிணுகிணுப்பது எனக்குப் பிடித்த பகுதி. ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 1,130 அடி ஓடும். தரைக்கும் கூரைக்கும் நடுவே 10 அடி. அதில் போய்த் திரும்பி மோதி நிலைத்து நிற்கும் முதல் அதிர்வு, விநாடிக்கு 56 தடவை. நீளம் 40 அடி, உயரத்தைப் போலச் சரியாக நான்கு மடங்கு. அதனால் நீளவாட்டின் நான்காவது அதிர்வும் அதே 56இல் வந்து உட்கார்கிறது. பேஸ் கிடாரின் மூன்றாவது கம்பியை விரல் வைக்காமல் மீட்டினால் 55. உங்கள் கிடார்காரர் தொடுகிற அந்த ஏதோ ஒரு சுரம் இதுவாகத்தான் இருக்க வேண்டும். வீணைக் கம்பியை மீட்டினால் பக்கத்தில் சுருதி சேர்ந்து கிடக்கும் தம்புராவின் கம்பி தானாக முனகுமே, அது போல அறையே அந்தச் சுரத்துக்குச் சுருதி சேர்ந்து கிடக்கிறது. கோப்பை பாவம், நடுவில் மாட்டிக்கொண்டது.

இதற்குக் காசு செலவில்லை. பேஸ் பெட்டியை மூலையிலிருந்து எடுங்கள். மூலையில் வைத்தால் எல்லா அதிர்வும் முழுப் பலத்தோடு எழும். குறுகிய சுவரிலிருந்து 15 அடியில் வைத்தால் அந்த நீளவாட்டு அதிர்வுக்கு அங்கே பலம் இல்லை. பெட்டியைத் தரையில் உட்கார வைக்காமல் ஒரு கெட்டியான நாற்காலி மேல், அடியில் ரப்பர் விரித்து வையுங்கள். அரை அடி இப்படி அப்படி நகர்த்திக் கேட்டு இடத்தை முடிவு செய்யுங்கள். மிக்ஸரில் 56ஐ ஒட்டிய அதிர்வுகளை மட்டும் குறுகலாக வெட்டிக் குறையுங்கள். அலமாரித் தட்டில் மெல்லிய கம்பளித் துணி.

15 அடி என்றதும் மேடை உள்கோடியில் அல்லவா இருக்கிறது என்று கேட்பீர்கள். அங்கே இருக்கக் கூடாது என்பதுதான் என் கட்சி. தெருப்பக்கக் கண்ணாடியை முதுகாகக் கொண்டு, நீளச் சுவரின் நடுவில் மேடை வையுங்கள். ஆறடி ஆழம் போதும். கண்ணாடிக்கு முன்னால் ஓர் அரை அடி விட்டு, மடிப்பு மடிப்பாகக் கனத்த திரை, அதற்கும் தீச்சோதனை. மேடை இன்றிருக்கும் இடத்தில் கடைசி மேசைக்காரர் முப்பத்தைந்து அடிக்கு அப்பால் இருக்கிறார். மேடை அவருக்கு ஒரு செய்தி. நடந்துகொண்டிருப்பது தெரியும், அவ்வளவுதான். இடம் மாற்றினால் எவரும் இருபத்தைந்து அடிக்கு மேல் தள்ளி இல்லை. பெரியவர் வீட்டுக்கும் டிரம்ஸுக்கும் நடுவே பாதி அறை தடுப்பாக நிற்கும். மிக்ஸியும் தொலைவாகிவிடும்.

மிக்ஸிக்கு என்று தனியாகச் சொல்ல வேண்டும். நியூயார்க்கில் வில்லேஜ் வேன்கார்டு என்று நிலவறையில் ஒரு ஜாஸ் இசை விடுதி இருக்கிறது. 1935இல் தொடங்கியது, 123 பேர் உட்காரலாம், ஆப்பு வடிவ அறை. 1961 ஜூனில் பில் எவன்ஸ் தம் குழுவோடு அங்கே பியானோ வாசித்த பதிவில், பேச்சும் கோப்பை மோதும் ஓசையும் தெளிவாகக் கேட்கும். யாருக்கும் அது உறுத்துவதில்லை. அந்த இடத்தின் மூச்சாகவே அது இருக்கிறது. ஐஸ் குலுங்குவதும் அப்படித்தான், பாட்டோடு போய்விடும். மிக்ஸி போகாது. பாட்டு நடக்கும் நாற்பத்தைந்து நிமிடத்துக்கு மிக்ஸியில் அடிக்கும் பானங்களை நிறுத்துங்கள். பட்டியலிலேயே ஒரு வரி போடுங்கள், யாரும் கோபிக்க மாட்டார்கள். கவுண்டர்ப் பையன்கள் மதுப்பெட்டிகளை இறக்குவதும் இடைவேளையில்.

டிரம்ஸ். 880 சதுர அடி அறையில் முழு டிரம்ஸ் செட், மைக் இல்லாமலே, ஓங்கி அடித்தால் 100 டெசிபலைத் தொடும். அதற்கு மேல் குரல் கேட்க ஸ்பீக்கர் அதையும் தாண்ட வேண்டும். பந்தயம் அங்கேதான் தொடங்குகிறது. மெல்லிய குச்சிகளைக் கட்டிய கட்டுக்குச்சி, கம்பி பிரஷ், அல்லது மேலே உட்கார்ந்து கையால் தட்டும் கஹோன் பெட்டி, இவற்றில் வாசிக்கத் தெரிந்தவரையே கூப்பிடுங்கள். முறைத்துக்கொள்கிற டிரம்ஸ்காரர்கள் இருப்பார்கள். சின்ன அறையில் மெல்ல வாசிப்பது ஓங்கி அடிப்பதைவிடக் கடினம். அது முடியாது என்பவருக்கு மைதானங்கள் இருக்கின்றன. உலக சுகாதார நிறுவனம் 2022இல் இசை அரங்குகளுக்கு வகுத்த தரத்தில், பதினைந்து நிமிடச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்கிறது. அது ஒரு மாலை வந்துபோகும் ரசிகருக்கு. உங்கள் கவுண்டர்ப் பையன் வாரம் மூன்று இரவு அங்கேயே நிற்கிறான். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் தாங்கும் காது, ஒவ்வொரு மூன்று டெசிபல் கூடும்போதும் பாதி நேரம்தான் தாங்கும். 94இல் ஒரு மணி நேரம். காதடைப்பான் வாங்கிக் கொடுங்கள். வீட்டுக்குப் போன பிறகும் காதில் ரீங்காரம் கேட்கிறது என்று அவன் சொன்னால் சிரித்துவிட்டுப் போகாதீர்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் மிஞ்சுகிற ஒரு கேள்விக்கு என்னிடம் கருவி இல்லை. நீங்கள் மூவரும் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டியது. இது கேட்க வருகிற இடமா, பேச வருகிற இடமா? ஒரே இரவில் இரண்டும் ஆகாது. அமெரிக்காவின் நாஷ்வில்லில் புளூபேர்டு கஃபே என்று 1982இல் தொடங்கிய ஓர் இடம், ஒரு கடைவரிசையில், தொண்ணூறு பேர் அளவுக்குத்தான் இருக்கை. பாட்டு நடக்கும்போது பேசினால் உதட்டில் விரல் வைத்துக் காட்டுவார்கள். அதுவே அந்த இடத்தின் அடையாளம் ஆகிவிட்டது. பாடலாசிரியர்கள் நடு அறையில் வட்டமாக உட்கார்ந்து பாடுவார்கள், சுற்றிலும் மேசைகள். நம்மூர் ஜனம் அப்படி உட்காராது என்று உங்கள் கூட்டாளி சொல்லக் கூடும். சென்னை அண்ணா சாலையில் சஃபையர் திரையரங்க வளாகத்தின் கீழ்த்தளத்தில் நைன் ஜெம்ஸ் என்ற சிறிய இரவு விடுதி இருந்தது. 1960களின் கடைசியில் அங்கே புடவை கட்டிக்கொண்டு பாட நின்ற ஓர் இளம்பெண்ணை ஜனங்கள் கேட்டார்கள். உஷா உதுப் மேடையேறத் தொடங்கியது அங்கேதான். பிறகுதான் கல்கத்தாவின் டிரிங்காஸ் உணவகமும் மற்றதும்.

என் யோசனை இது. வெள்ளி, சனி இரண்டும் பேச்சுக்கு. ஒரு கிடார், ஒரு குரல். மேசையில் சாதாரணமாகப் பேசினால் எதிரில் இருப்பவருக்குக் கேட்க வேண்டும், அதற்கு மேல் மிக்ஸரை ஏற்றக் கூடாது. வியாழன் கேட்பதற்கு. ஆள் குறைவான நாளை ஏன் கூட்டத்துக்காக ஏங்கிக்கொண்டு கழிக்க வேண்டும்? நாற்பது நாற்காலிகள் போதும், எல்லாம் மேடை பார்த்து. சிறிய டிக்கெட் வையுங்கள். அந்தப் பணம் முழுவதும் கலைஞர்களுக்கு. காசு கொடுத்து உட்கார்ந்தவன் பேசமாட்டான், பக்கத்தில் பேசுகிறவனையும் விடமாட்டான். ஏழரைக்குத் தொடங்கி நாற்பத்தைந்து நிமிடம், இடைவேளையில் பானங்களுக்குச் சொல்லவும் பில் கட்டவும் நேரம், மறுபடி ஒன்பதுக்கு நாற்பத்தைந்து நிமிடம். பத்தேகால் ஆகிவிட்டதே என்று ஓடிவந்து மைக்கைப் பிடுங்க வேண்டி வராது. வசூல் குறையும் என்ற பயம் நியாயமானதுதான். இரண்டு மாதம் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

முதலில் விசிறியும் பேஸ் பெட்டியும். இந்த வாரமே முடியும். மேடையைச் சும்மா தற்காலிகமாக இடம் மாற்றி இரண்டு வியாழன் பாருங்கள். கூரைப் பலகைக்கு அதன் பிறகு ஆர்டர் கொடுக்கலாம்.

ஒன்று மறந்துவிட்டேன். நீளம் 40 அடி என்றது வாடகைப் பத்திரத்தில் இருக்கும் கணக்கா, நாடா பிடித்து அளந்ததா? சுவருக்குச் சுவர் உள்ளளவு 38 என்றால், பேஸ் பெட்டிக்கு நான் சொன்ன 15 அடி மாறும். அளந்து எழுதுங்கள். படிக்கட்டு எத்தனை என்பதையும்.